கார்த்திகை மாதத்து ஸ்போர்ட்ஸ் கார்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவனைப் போல ஆபத்தான பிராணி வேறு கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படியொரு பிராணியாக ஆரப்பாளையத்து லாட்ஜ் ஒன்றில் நான் குடியிருந்தேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ. சட்டைப் பையில் இரண்டு பேனா. (ஒன்றில் மை கிடையாது.)

நான் கிளார்க்காக இருந்த லாரி ஆபீஸ் முதலாளியின் மகனிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட். ரேஸ் மோகத்தில் ஸ்பிரிங்கை இறுக்கித் தரையோடு தாழ்த்தி வைத்திருந்தார். ரோட்டில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறினால்கூட அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"மழையும் குளிரும் வருது தம்பி. தினம் ஆபீசுக்கு ஓட்டுற மாதிரி இதைப் பதமாக்கிக் குடு. படிச்ச பையன்தானே?"

"செஞ்சிர்றேன்ணே. ஞாயித்துக்கிழமை கல்லுப்பட்டிக்குப் பொண்ணு பாக்கப் போறேன். அன்னைக்கு ஒரு நாள் காரைத் தாங்க."

சம்மதித்தார். பெண் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவோ, "லாரி ஆபீஸ் கிளார்க்கா..." என்று இழுத்துக்கொண்டிருந்தார். காரில் போய் இறங்கினால் இழுக்கமாட்டார் என்று நினைத்தேன். (என் மூளை அந்த வயதில் அப்படித்தான் ஓடும்.)

காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் குளிர்காலத்துக்கென்றே தனி அத்தியாயம் இருந்தது. ஸ்பிரிங்குக்குக் கட்டை கொடுத்து வண்டியை உயர்த்து. ஷாக் அப்சார்பரைத் தளர்த்து. ஐஸ் உறைந்த ரோட்டில் பின்சக்கரம் வழுக்காமலிருக்க டிக்கியில் பாரம் ஏற்று. மதுரையில் ஐஸ் உறைந்து கிடப்பது ஜிகர்தண்டா கடையில் மட்டும்தான். இதைக் கவனிக்க நான் என்ன படிக்காதவனா? முதல் இரண்டையும் அப்படியே செய்துவிட்டு, கார்த்திகைச் சேறும் வழுக்கத்தானே செய்யும் என்று, வைகை மணலை மூன்று சாக்கில் கட்டி டிக்கியில் போட்டேன். காரின் பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. எனக்கு அது கம்பீரமாகப் பட்டது.

கூட வந்தவர் என் தாய்மாமா, வாழைக்காய் வியாபாரி. அப்பாவும் அம்மாவும் பேரையூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவதாக ஏற்பாடு. கார் ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடுத்த பள்ளம் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே போனது.

"மாப்ள, இது காரா, ராட்டினமா?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு மாமா."

"எழுதுனவன் இதுல ஏறுனானா? இல்ல, எழுதிட்டு ஓடிட்டானா?"

திருமங்கலம் தாண்டியதும் மாமா வாயை மூடிக்கொண்டார். திறந்தால் பேச்சைத் தவிர வேறு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். (பிறகு வந்தது.)

பொழுது சாயும் நேரத்தில் பெண் வீட்டை அடைந்தோம். ஹெட்லைட் வாசலைக் காட்டாமல் வேப்பமர உச்சியைக் காட்டியது. அடைந்திருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிக் கத்தின. முன்னமே பஸ்ஸில் வந்து வாசலில் காத்திருந்த என் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெண்ணின் சித்தப்பா மட்டும் காரைச் சுற்றி வந்து, தாழ்ந்து கிடந்த பின்பக்கத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏப்பா, பொண்ணு பாக்க வரையிலயே இம்புட்டுச் சாமானா! தூக்குங்கப்பா!"

நான் "அது வந்து..." என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று சாக்கும் உள்ளே போய்க் குத்துவிளக்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டன. யாரோ பொட்டு வேறு வைத்துவிட்டார்கள். பெண்ணின் அத்தை ஆசையாய்த் தடவிப் பார்த்தாள். "சீனியா இருக்குமோ?" என்றபடி கட்டை அவிழ்த்தாள்.

மணல் பொலபொலவென்று ஜமுக்காளத்தில் கொட்டியது.

நான் எழுந்து நின்றேன். பின்சக்கரத்தின் பிடிமானம், பாரத்தின் பங்கு என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். நான் பேசப்பேசப் பெண்ணின் அப்பா மெதுவாக என் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கு... உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"மன்னிக்கணும்," என்றார் அப்பா. "எங்க வம்சத்துலயே இவந்தான் மொதல்ல படிச்சது. எங்களுக்கும் இது பழக்கமில்ல."

கதவுக்குப் பின்னால் அடக்க முடியாத ஒரு சிரிப்புச் சத்தம். காபி டம்ளர்கள் உருளும் சத்தம். பெண் முகத்தைப் பார்க்கும் முன்பே நான் கேட்ட சிரிப்பு அதுதான். அது என்னைப் பார்த்துத்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும்போது பாரம் இல்லாததால், கட்டை கொடுத்திருந்த பின்பக்கம் எழும்பி, மூக்கு தரையைப் பார்த்தது. போகும்போது நிமிர்ந்து போன கார், வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டே மதுரை வந்தது. மறுநாள் முதலாளி மகன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார்.

"பழையபடியே தாழ்த்திரு தம்பி. இடுப்பு வலியே தேவல."

ஒரு வாரம் கழித்துக் கல்லுப்பட்டியிலிருந்து ஆள் வந்தது. "இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாக. ரெண்டு தடவையும் பிள்ள அழுதுச்சு. இந்தத் தடவதான் சிரிச்சிருக்கு. பேசி முடிச்சிருவோமா?"

மணலைத் திருப்பிக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மாமனார் அதைச் சலித்துக் குளியலறைச் சுவருக்குப் பூசிவிட்டார். இன்றும் அந்த வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், காபிக்கு முன்னால் அந்தச் சுவரைப் பார்த்தாக வேண்டும். "எங்க மாப்ள கொண்டாந்த சீரு," என்று தட்டிக் காட்டுவார்.

போன வருஷம் அதில் ஒரு விரிசல் விழுந்தது. நான் கவலையோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்:

"விடுங்க, ஒண்ணுமில்ல. குளிர்காலம் வருதுல்ல, உங்க புத்தகத்துல போட்டபடி லேசாத் தளத்தி விட்டிருக்காக."