அட்டைக் காப்பாளர்

அட்டைக் காப்பாளர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் நிச்சயம் இருப்பார். துணிக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை, பெட்ரோல் பங்க், நூலகம் என்று எங்கே எந்த அட்டை கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்து, சட்டைப்பையில் வைத்து, வீடு போய்ச் சேரும்வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகிறவர். வாங்கிய சாமானைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார். அட்டையை விடமாட்டார்.

நமக்கு வாய்த்தவர் பாளையங்கோட்டை ஹெப்ரான் சார். கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது கல்லூரிக்குத்தான் தெரியும், வீட்டில் அலுவலகம் இன்னும் நடக்கிறது. கல்யாண ஆல்பத்திலிருந்த போட்டோக்களை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஐம்பத்து மூன்று அட்டைகளை அகரவரிசைப்படி செருகியிருக்கிறார். பக்கத்திலேயே ஒரு பதிவேடு. அட்டை எண், எடுத்த நேரம், திருப்பித் தந்த நேரம், கையெழுத்து. அவர் மனைவி சாலோமி ஒருநாள் கேட்டாள்.

"தலவலி மாத்திரை வாங்கப் போறதுக்கு எதுக்குங்க கையெழுத்து?"

"நாளைக்குக் கார்டு காணாமப் போச்சுன்னா யாரு பொறுப்பு?"

தலைவலிக்கு யார் பொறுப்பு என்று அவள் கேட்கவில்லை.

இந்த இனத்துக்குச் சில கொள்கைகள் உண்டு. முதலாவது, லேமினேஷன். ரேஷன் கார்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? பிளாஸ்டிக் அட்டைக்கு மேலேயே இன்னொரு பிளாஸ்டிக் போட்டுவிட்டார். இரண்டாவது, எந்த விண்ணப்பத்திலும் தன் போன் நம்பரைக் கொடுப்பதில்லை. கண்ட கடைக்காரனும் மெசேஜ் அனுப்பித் தொல்லை பண்ணுவானாம். சாலோமியின் நம்பரைக் கொடுத்துவிடுவார். தொல்லை அவளுக்குப் போகட்டும். மூன்றாவதுதான் முக்கியம்: வாங்குகிற சாமானுக்காகக் கடைக்காரன் கணக்கில் ஏற்றித் தருகிற பாயிண்டைச் செலவழிக்கவே கூடாது. எட்டு வருஷமாக, யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "சேரட்டும்."

எதற்குச் சேரட்டும்? அது அவருக்கே தெரியாமல்தான் இருந்தது, முக்கூடலில் மைத்துனன் கிங்ஸ்டன் வாயைத் திறக்கும்வரை. கிங்ஸ்டன் மகளுக்குக் கல்யாணப் பேச்சு முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம்.

"அத்தான், அம்பத்திமூணு கார்டு வச்சிருக்கிய. அக்காவுக்கு ஒரு கர்ச்சீப்பாவது வந்திருக்கா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஹெப்ரான் சார் தம்ளரைக் கீழே வைத்தார்.

"உம் மக கல்யாணத்துக்கு உங்கக்கா பட்டு கட்டிட்டு வருவா. கையிலருந்து ஒத்த ரூவா எடுக்க மாட்டேன், எல்லாம் பாயிண்டுதான். பாத்துக்கோ."

சாலோமியின் முகம் அப்போதே ஒரு மாதிரி ஆயிற்று. ஆனந்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே வண்ணார்பேட்டைத் துணிக்கடைக்குப் புறப்பட்டார்கள். ஆல்பமும் கூடவே வந்தது. பஸ்ஸில் அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "வேற கடைக்குப் போவோமேங்க. எங்கிட்ட இருக்கற பட்டே போதுமேங்க." அவர் காதில் ஏறவில்லை. எட்டு வருஷத்து நிர்வாகம் கிங்ஸ்டனுக்கு முன்னால் நிரூபணமாகப் போகிறது, சும்மாவா?

நீலப் பட்டு ஒன்றை எடுத்தார்கள். பில் போடுகிற பெண் அட்டையை வாங்கி மிஷினில் காட்டினாள். சத்தமில்லை. துப்பட்டாவால் துடைத்துக் காட்டினாள். ம்ஹூம்.

"சார், மேல ஒட்டியிருக்கத வெட்டிரட்டுமா?"

"வெட்டவா?" ஹெப்ரான் சார் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"அப்ப போன் நம்பர் சொல்லுங்க, அது போதும்."

போதுமாமே! ஐம்பத்து மூன்று அட்டை, ஒரு ஆல்பம், ஒரு பதிவேடு, அவ்வளவுக்கும் பத்து எண் போதுமாம். அவர் மனசு நிஜமாகவே வலித்தது. சாலோமி தன் நம்பரைச் சொன்னாள். முணுமுணுப்பாகச் சொன்னதால் அந்தப் பெண் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"பாயிண்ட் ஒண்ணுமில்ல சார்."

"எட்டு வருஷப் பாயிண்டு! எவனோ திருடிட்டான், மேனேஜரக் கூப்பிடும்மா!"

மேனேஜர் வந்து, பாயிண்டில் எடுத்த துணிக் கணக்கைத் திரையில் போட்டு அவர் பக்கம் திருப்பிவிட்டார். ஹெப்ரான் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைக்கே கேட்கும்படி ஆபீஸ் குரலில் வாசித்தார்.

"டிசம்பர் இருபத்திரெண்டு, ஆண்கள் முழுக்கைச் சட்டை, சைஸ் நாப்பத்திரெண்டு. ஏப்ரல் ஒம்பது, முழுக்கைச் சட்டை, நாப்பத்திரெண்டு. அடுத்த டிசம்பர், வேட்டி ஒண்ணு, முழுக்கை..."

குரல் தேய்ந்துகொண்டே போய் நின்றது. குனிந்து தான் போட்டிருந்த முழுக்கைச் சட்டையைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் புதுச்சட்டையோடு கோயிலுக்குப் போய், 'சாலோமி வீட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சு எடுத்துக் குடுத்தா' என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறார்!

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று பைய கேட்டார்.

"சொன்னா கையெழுத்துக் கேப்பியளே."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு வெட்கம்தான் வந்தது. பர்ஸை எடுத்து, நீலப் பட்டுக்கு முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார். பேரம்கூடப் பேசவில்லை.

முக்கூடல் கல்யாணத்தில் கிங்ஸ்டன் விடுவானா? பந்தியிலேயே மடக்கினான். "என்ன அத்தான், பாயிண்டுலதான் எடுத்தியளா?" ஹெப்ரான் சார் உண்மையைச் சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தார். அதற்குள் சாலோமி முந்திக்கொண்டாள்.

"பின்ன? எல்லாம் பாயிண்டுதாம்லே. உங்க அத்தான் சேத்து வச்சது."

அவர் இலையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் பர்ஸைத் திறந்து, உள்ளே எத்தனை அட்டை என்று பாருங்கள். அப்படியே உடம்பில் கிடக்கிற சட்டையையும் ஒரு பார்வை பாருங்கள். அதை எப்படி எடுத்தாள் என்று மட்டும் வீட்டுக்காரியிடம் கேட்டுவிடாதீர்கள்.