குக்கர் சாரின் பத்தாவது கட்டம்

பியானோவைக் கொண்டு பருப்பைத் தீய்க்க முடியும் என்று நிரூபித்த ஒரே மனிதர் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மூன்றாவது மாடியில் இருக்கிறார். எங்கள் பியானோ வாத்தியார். எங்களுக்கு அவர் குக்கர் சார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அரையாண்டு லீவு விட்டால் மற்ற வாத்தியார்கள் ஊருக்குப் போவார்கள். இவர் சவால் சீட்டு அச்சடிப்பார். மாணவர்கள் பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. பத்து பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பதினோராவது ஆள், நாற்பத்தெட்டு வயது பாங்க் ஆபீசரான நான். சீட்டில் பத்துக் கட்டம். முதல் கட்டம்: குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் பாடத்தைப் பிழையில்லாமல் முடிக்க வேண்டும். முடிக்கும்வரை அடுப்பை அணைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அன்று பதினேழு விசில். குக்கரையே மாற்ற வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் சாட்சி கையெழுத்து வேண்டும். “சாட்சி இல்லாட்டி சவால் செல்லாது மேடம். பாங்க்காரங்க, உங்களுக்குத் தெரியாததா?” என்பார்.

நான்காவது கட்டம், ஓடும் ரயிலில் தொடைமீது விரலால் வாசிப்பது. வண்டலூர் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா பதறிப்போய் வீட்டுச் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். “இன்னாக்கா, வலிப்பா? இந்தா, இரும்பு புட்சிக்கோ!”

விஷயத்தைச் சொன்னேன். “இதுக்கு கையெய்த்து வேற போடணுமா?” என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

அந்த லீவில்தான் வந்தது வினை. இரண்டாவது மாடியில் அசோசியேஷன் செக்ரட்டரி. ரிட்டயர்டு மனிதர். “மேல ஒரே டங்கு டங்குன்னு சத்தம். ஜனவரியோட கிளாஸைக் காலி பண்ணிடுங்க” என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார். ஊருக்கே சவால் விடும் எங்கள் சார், “சரிங்க சார்” என்று வாங்கிக்கொண்டார். பியானோவுக்காக ஏற்கெனவே மூன்று வீடு மாறியவர். இனி எவர் வீடு கொடுப்பார்? எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

சீட்டோ முன்பே அச்சாகியிருந்தது. பத்தாவது கட்டம்: ‘உங்கள் வாசிப்பைச் சகிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவும்.’

சார் மனதில் நினைத்தது அத்தை, சித்தப்பா வகையறாக்களை. ஆனால் பதினோரு பேருக்கும் தோன்றியது ஒரே ஆள்தான். ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. கடைசி ஞாயிறு காலை, சின்ன கீபோர்டும் கையுமாக இரண்டாவது மாடிக்குப் போனால், எனக்கு முன்னால் படிக்கட்டில் பத்து கீபோர்டு!

“இன்னா மேடம், ரேஷன் கடையாட்டம் கியூ நிக்குது? செக்ரட்டரி வூட்ல இன்னா குடுக்குறாங்க?” என்றார் வாட்ச்மேன்.

செய்தி மேலே போய், சார் லுங்கியோடு ஓடிவந்தார். “ஐயோ, இருக்கிற ஒரு மாசமும் போச்சே!”

செக்ரட்டரி கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். திட்டவில்லை. வரிசையாக உள்ளே விட்டார். பத்து பிள்ளைகளும் அதே பாடத்தைத் தட்டுத்தடுமாறி எப்படியோ கரைசேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டன. கடைசியாக நான். பாடத்தின் நடுவே வழக்கமாக முட்டும் இடத்தில் அன்றும் முட்டி நின்றுவிட்டேன்.

அவர் எழுந்தே விட்டார். “புதன்கிழமை ஆறரை மணி நீங்கதானா! ரெண்டு வருஷமா அதே இடத்துல முட்டுறீங்க. அதுக்கப்புறம் என்ன வரும்னு தெரியாம எனக்குச் சாப்பாடே இறங்கல மேடம்! உங்களுக்குக் கையெழுத்து கிடையாது.”

பிறகு சாரிடம் திரும்பினார். “நீங்களாவது ஒழுங்கா ஒரு நாள் முடிச்சிருக்கீங்களா? உக்காருங்க. வாசிங்க.”

சார் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊரையெல்லாம் வாசிக்கவைத்தவர் எங்கள் முன்னால் ஒருநாளும் முழுதாக வாசித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் கீபோர்டில் ஆரம்பித்தார். நான் முட்டும் இடத்தைத் தாண்டினார். கடைசிவரை போனார்.

செக்ரட்டரி மேசையிலிருந்த நோட்டீஸ் நகலை எடுத்தார். குறுக்கே ஒரு கோடு. கீழே ‘சாட்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சார் கையில் கொடுத்தார்.

என் பத்தாவது கட்டம் இன்னும் காலிதான். நிரப்ப எனக்கு அவசரமும் இல்லை. நிரம்பிவிட்டால், புதன்கிழமை ஆறரைக்குக் குக்கர் சாரைப் பார்க்க மூன்று மாடி ஏறுவதற்கு என்ன சாக்கு சொல்வேன்?