மாமாவை முக்கோணத்தில் அடைத்த கதை

கம்ப்யூட்டரில் படத்தை உருட்டிப் புரட்டத் தெரிந்த ஆள் ஒருவர் குடும்பத்தில் இருந்தால், அவரைக் கல்யாண வேலையில் சேர்க்கவே கூடாது. எங்கள் வீட்டில் சேர்த்தார்கள். அந்த ஆள் நான்தான்.

அக்காவுக்குக் கல்யாணம். நான் கிராபிக் டிசைன் இரண்டாம் வருடம் (அதாவது, உலகத்தில் எனக்கு மட்டும்தான் ரசனை உண்டு என்று நம்பும் வருடம்). பந்தல் வாசலில் வைக்கும் பிளெக்ஸை நானே செய்வதாகச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்துப் பிளெக்ஸுக்கு ஒரு முறை உண்டு. நடுவில் மணமக்கள், கீழே வரவேற்கும் உறவினர்கள் சம அளவில், வரிசையாக, சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர். அந்த ரோஜாப்பூவைக் கண்டாலே எனக்குக் குமட்டும்.

எனவே புரட்சி செய்தேன். வட்டம், முக்கோணம், நெளிநெளியாக ஏதோ ஒன்று என்று வடிவங்களை வாரி இறைத்து, அவற்றுக்குள் சொந்தக்காரர்களின் தலைகளைப் போட்டேன். பெரியப்பாவின் வழுக்கை வட்டத்துக்கென்றே படைக்கப்பட்டது. பெரிய வட்டமாகக் கொடுத்தேன். அம்மாவின் அண்ணனான தக்கலை மாமாவுக்கு நீள முகம். மூலையில் கிடந்த முக்கோணத்தில் சொருகினேன். ஒரு காது வெளியே போயிற்று. மிச்ச முகத்துக்குப் பச்சை எபெக்ட் கொடுத்தேன். (மாமாவும் பெரியப்பாவும் பேசிப் பல வருடம் ஆயிற்று என்பது தெரியும். கலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.)

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பிளெக்ஸ் ஏறியது. பத்து மணிக்கு மாமா வந்தார். பந்தல்காரரிடம் டேப் வாங்கி, ஏணியில் ஏறி, பெரியப்பாவின் வட்டத்தை அளந்தார். பிறகு தன்னை அளந்தார்.

“ஏட்டி, எனக்க மொகம் என்னத்துக்குப் பச்சையா கெடக்கு?”

“அது எபெக்ட், மாமா.”

“கருவாடு கெட்டுப்போனாக்கூட இந்த நிறம் வராது. ஒத்தக் காதை எங்க வச்ச?”

“டிசைனுக்கு வெளிய போயிட்டு மாமா.”

“அப்பம் நானும் வெளிய போறேன். அந்த வட்டத்துல இருக்கவரு வந்து பெண்ணை இறக்கட்டும்!”

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தாய்மாமன் கைபிடித்து வீட்டுப் படி இறக்காமல் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் கல்யாணத்துக்குச் சர்ச்சுக்குப் போனதில்லை. அக்கா அழுதாள். அம்மா அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“நீ போய்க் கூட்டிட்டு வா. இல்லைன்னா நீயும் வராண்டாம்” என்றாள்.

போனேன். மாமா அணைத்துப்போட்ட டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, உங்களுக்குத் தனி பிளெக்ஸ் அடிக்கேன். நீங்க மட்டும்.”

டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“எவ்வளவு உசரம்?”

“பத்தடி.”

“ரெண்டு காதும் உண்டுமா?”

“உண்டும்.”

“பூ பார்டரு?”

என் கலை அந்த இடத்தில் செத்தது. “ரோஜாப்பூவே போடுதேன் மாமா.”

மார்த்தாண்டத்துக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி சாயங்காலத்துக்குள் அடித்து வாங்கினேன். மறுநாள் மாமா அக்காவின் கையைப் பிடித்துப் படி இறக்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் பத்தடி மாமா ஊரையே கும்பிட்டுக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் இறங்கியதும் எலெக்‌ஷனா என்று விசாரித்தார்கள். மணமக்களை அந்த வாசலில் நிறுத்தித்தான் படம் எடுத்தார்கள்.

போன வருடம் அக்கா மகளிடம் பள்ளியில் அப்பா அம்மா கல்யாணப் படம் கேட்டார்களாம். அந்த வாசல் படத்தைக் கொண்டுபோய், “பெரிசா நிக்கது அப்பா இல்ல மிஸ், அது தக்கலைத் தாத்தா. அப்பா கீழ சின்னதா நிக்குதாவ” என்று விளக்கியிருக்கிறாள்.

அன்றிலிருந்து அத்தான் எனக்குப் போன் செய்தால் பெயர் சொல்வதில்லை. “கீழ சின்னதா நிக்கவன் பேசுதேன்” என்பார்.