கொஞ்சந்தான் சாப்பிடுகிறவர்

நிறையச் சாப்பிடுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவர்கள் நேர்மையானவர்கள். இலை போட்டதும் உட்காருவார்கள், மூன்று தடவை சோறு வாங்குவார்கள், ஏப்பம் விட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் உங்களிடம் சொல்ல வந்தது வேறோர் இனத்தைப் பற்றி. கொஞ்சந்தான் சாப்பிடுகிறவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு இட்லி, அதுவும் இம்புட்டுண்டு" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டுவார். அந்த வளையத்துக்குள் அடங்குகிற இட்லியைத் திண்டுக்கல்லில் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. தண்ணீர் குடித்தாலே தன் உடம்பு ஏறிவிடுகிறது என்பார், பரம்பரை வாகு என்பார், தைராய்டு என்பார், தைராய்டு இல்லை என்று டெஸ்டில் வந்தால் லேப் சரியில்லை என்பார். பந்தியில் வாளி பக்கத்தில் வந்ததும் "ஐயோ, போதும் போதும்" என்று இலைக்கு மேல் கையை விரித்து மறிப்பார். அந்தக் கையைக் கவனியுங்கள். ஐந்து விரலும் அகல விரிந்திருக்கும். இடையில் ஒரு கரண்டி பிரியாணி தாராளமாக இறங்கும். பரிமாறுகிறவருக்கும் இது தெரியும், அவர் தயங்காமல் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் பெருமையைக் காப்பாற்றி வந்தவர் பக்கத்து வீட்டு மிக்கேல்ராஜ். பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயிண்ட் கடை. மனைவி சகாயராணி, டீச்சர். ஒரே மகள் ஐரின், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கொஞ்சங் கொஞ்சமாகச் சாப்பிட்டே நூற்று முப்பது கிலோவை எட்டிய மனிதர். எரியோட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து, "என்ன மச்சான், உடம்பு இன்னும் போட்டிருச்சே?" என்றால், "சாப்பாடே இறங்க மாட்டேங்குது மாப்ள" என்று உண்மையான கவலையோடு சொல்வார். கையில் அவர்கள் கொண்டுவந்த அதிரசம் இருக்கும்.

ஐரினுக்கு மாப்பிள்ளை பார்த்து, 2009 தை மாதம் கல்யாணம் என்று பேச்சு எழுந்தபோதுதான் இது வேடிக்கை இல்லை என்று ஆயிற்று. எங்கள் கோயிலில் மணப்பெண்ணை அப்பா கைபிடித்து வாசலிலிருந்து பீடம் வரை நடத்திக்கொண்டு போக வேண்டும். மிக்கேல்ராஜுக்கோ இரண்டு முட்டியும் போய்விட்டது. ஞாயிறு பூசைக்கு வந்தால் வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சோடு சரி. நன்மை அப்பம் கொடுக்க ஃபாதர்தான் அவரைத் தேடி வர வேண்டும். "எங்கப்பாதான் என்னக் கூட்டிட்டுப் போகணும். சித்தப்பா, மாமா யாரும் வேண்டாம்" என்று ஐரின் ஒரே பிடியாக நின்றாள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, முட்டியைப் பிறகு கவனிக்கலாம், முதலில் வயிற்றைக் குறைப்போம் என்றார். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தும் விட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு மிக்கேல்ராஜின் பெருமையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! பெயிண்ட் வாங்க வந்தவர்களைக்கூட விடவில்லை. "எனக்கு வயிறே கிடையாது சார்" என்று ஆரம்பித்து, மேஜைமேல் இருக்கும் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டி, "இதுல பாதி. அம்புட்டுதான் மிச்சம் வச்சிருக்காங்க" என்பார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கொஞ்சந்தான் சாப்பிடுகிறவர் என்பதற்கு டாக்டர் சர்டிபிகேட்டே கிடைத்திருந்தது. ஆகஸ்டுக்குள் முப்பது கிலோ இறங்கினார். கோயிலில் நடுப் பெஞ்சு வரை நிற்காமல் நடந்து வந்தார். அன்றைக்கு சகாயராணி டீச்சர் பூசை முடியும் வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது.

டாக்டர் போட்ட சட்டம் இது: நாளுக்கு ஐந்து வேளை, வேளைக்கு ஒரு சின்னக் கப். பள்ளிக்கூடம் போகிற மனைவி ஐந்து வேளையும் அடுப்படியில் நிற்க முடியுமா? ஐரின் லீவு போட்டு வந்து ஏற்பாடு செய்தாள். ஐஸ்கிரீம் கடையில் இருப்பது போல ஒரு ஃப்ரீசர், ஒரு மைக்ரோவேவ், உள்ளங்கையளவு டப்பாக்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் ஒரு வாரத்துக்கும் சேர்த்து சமைத்து, கோழிக் குழம்பில் குழைத்த சோறு, கீரைக் கூட்டு, பருப்பு, முள் எடுத்த மீன் என்று டப்பா டப்பாவாக அடைத்து உறைய வைப்பார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மதுரையிலிருந்து வாங்கி வந்த ஐஸ் பரோட்டா பாக்கெட்டுகளும் உண்டு. வேளை வந்தால் ஒரு டப்பாவை எடுப்பார், மைக்ரோவேவில் வைப்பார், மூன்று நிமிடத்தில் டிங்.

அந்த டிங் எங்கள் வீடு வரை கேட்கும். ஐந்துக்கு மேல் கேட்டதே இல்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று தெருவே நம்பியது.

பிறகு கரண்ட் போனது. அந்த வருடம் தமிழ்நாடே இருட்டில் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கம் காலை பத்து மணிக்குப் போனால் மத்தியானம்தான் வரும். ஊரெல்லாம் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, மிக்கேல்ராஜ் மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கரண்ட் இல்லாமல் பெயிண்ட் கலக்கிற மெஷின் ஓடாது, கடையில் என்ன வேலை என்று நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். டீச்சர் பள்ளிக்கூடத்தில். வீட்டில் அவரும் ஃப்ரீசரும்.

ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பார். மூடியிருந்தால் அது ஒரு நாள் முழுக்க உருகாது. இவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தால்? மேலே இருக்கும் டப்பா லேசாக வேர்த்திருக்கும். போதாதா? ஆஸ்பத்திரியில் கொடுத்த நாற்பது பக்கப் புத்தகத்தில் அவர் மனப்பாடம் செய்திருந்தது ஒரே ஒரு வரி: உருகிய உணவை மறுபடி உறைய வைக்கக் கூடாது. டாக்டர் பேச்சை மீறலாமா? சாப்பாட்டை வீணாக்கினால் பாவமில்லையா? டப்பாவில் இருப்பதைச் சட்டியில் கொட்டி, கேஸ் அடுப்பில் சூடு பண்ணி, குழந்தைக்கு ஊட்டுகிற ஸ்பூனால் ஒரு வாய் போட்டு, ஹாலுக்கு ஒரு நடை நடந்து, திரும்பி வந்து இன்னொரு வாய். அரை கிளாஸ் வயிற்றில் அதற்கு மேல் இறங்காது, ஆனால் செத்த நேரம் பொறுத்தால் இறங்கும். பொறுமையில் மிக்கேல்ராஜை யாரும் மிஞ்ச முடியாது. கரண்ட் இல்லாததால் டிங்கும் இல்லை.

கார்த்திகை, மார்கழியில் சட்டை இறுக ஆரம்பித்தது. பனிக்கு உடம்பு ஊதும் என்றார். டப்பா குறைகிறதே என்று டீச்சர் கேட்டபோது, வீட்டு வேலைக்கு வரும் மாயம்மாளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். "பாவம் ராணி, புள்ளகுட்டிக்காரி." இளகிய மனசு என்று டீச்சரும் இரண்டு டப்பா கூடுதலாக அடைத்தார்.

பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுச் சுவர் தாண்டி அந்தப் பேச்சு கேட்டது.

"மாயம்மா, கோழிக் குழம்பு எப்டி இருந்துச்சு? உப்பு சரியா இருந்துச்சா?"

"எந்தக் கோழி டீச்சர்? நான் பழனிக்கு மாலையில்ல போட்டிருக்கேன்? வீட்ல முட்டைகூட வாங்குறதில்ல."

சாயங்காலம் மிக்கேல்ராஜ் வந்ததும் டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எடை மெஷினை ஹால் நடுவில் வைத்து ஏறச் சொன்னார். இறங்கின முப்பதில் இருபது வீடு திரும்பியிருந்தது.

"ஏங்க, நம்ம புள்ள கேட்டது ஒண்ணே ஒண்ணுதான?" என்று கேட்டார் டீச்சர்.

"சத்தியமா கொஞ்சந்தான் ராணி சாப்ட்டேன்."

இந்த இடத்தில் நீங்கள் அவரைப் பொய்யர் என்று நினைத்தால் இந்த இனத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அவர் சொன்னது முழு உண்மை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சந்தான்.

தை பிறந்து பத்தாம் நாள் கல்யாணம். கோயில் நிறைய ஜனம். பாடகர் குழு வருகைப் பாடலை எடுத்தது. வெள்ளைச் சேலையில் ஐரின், பட்டன் சேராத கோட்டில் மிக்கேல்ராஜ், இருவரும் வாசலில் காலெடுத்து வைத்தார்கள். கடைசிப் பெஞ்சைத் தாண்டினார். எனக்கு மூச்சு வந்தது. நடுப் பெஞ்சுக்கு வந்தபோது அவர் கை பெஞ்சு முனையைப் பிடித்தது. முகமெல்லாம் வேர்வை. மகளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"செத்த உக்காந்துக்கிறேன் பாப்பா. கொஞ்ச நேரந்தான்."

உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்துவிட்டது. பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெஞ்சில் இருந்தவர்களை நகரச் சொல்லிவிட்டு, கல்யாணப் பெண் கையில் பூச்செண்டோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் உக்காந்துக்கிறேம்பா, ஹீல்ஸ் கடிக்குது" என்றாள். அவள் போட்டிருந்தது தட்டைச் செருப்பு. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பாடகர் குழு அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடியது, அது முடிவதற்குள் இருவரும் எழுந்து பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசிப் பந்தியில் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்தார்கள். பிரியாணி வாளி வந்தது. "மாமா, மக கல்யாணத்துச் சோறு. கொஞ்சமாச்சும்…" என்றான் பரிமாறுகிற பையன். "வேண்டாம்ப்பா, போதும் போதும்" என்று மிக்கேல்ராஜ் இலைக்கு மேல் கையை விரித்தார். ஐந்து விரலும் அகலமாக. கரண்டி இறங்கப் போனது. பக்கத்து இலையிலிருந்து ஐரின் தன் கையை நீட்டி, அவர் கைமேல் வைத்து, விரல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பையன் வாளியோடு நகர்ந்துவிட்டான். அவள் அப்புறமும் வெகு நேரம் கையை எடுக்கவில்லை.

படித்தவுடன் உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். மச்சானோ, சம்பந்தியோ, ஆபீஸ் மேனேஜரோ. அவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். செய்யுங்கள். ஆனால் சாப்பாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளாமல், சிகரெட், சீட்டு, கோபம், கடன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிமிடம் உங்களைப் பற்றியும் யோசித்துப் பாருங்களேன். "சேச்சே, எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க, இருந்தாலும் ஏதோ…" என்று இழுக்கிறீர்கள் பாருங்கள்.

அடுத்து என்ன வார்த்தை சொல்லப் போகிறீர்கள்?