பஸ் பாஸுக்கு ஒரு காதுப் பரீட்சை

காது கேட்பதுபோல நடிப்பது சுலபம். எதிரில் இருப்பவர் சிரிக்கும்போது நாமும் சிரித்து, அவர் முகம் வாடினால் "என்ன செய்ய, எல்லாம் நேரம்" என்று சொன்னால் போதும். காது கேட்கவில்லை என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. அந்தப் பரீட்சையில் நான் சங்கரன்கோவில் ஊரே பார்க்க முதலில் தோற்றவன்.

கால் நூற்றாண்டு விசைத்தறிக் கூடத்தில் நின்றிருக்கிறேன். தறிச் சத்தம் என் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, எனக்கே தெரியாமல் எடுத்துக்கொண்டது. பிறகு கடையநல்லூரில் ஒரு ஜவுளிக்கடைக் குடோனில் வேலை கிடைத்தது. தினமும் பஸ். சம்பளத்தில் பாதி கண்டக்டர் பைக்கே போவதுபோல் இருந்தது. என் மனைவி கோமதிதான் ஆரம்பித்தாள்.

"காது கேக்காதவங்களுக்கும் இலவச பாஸ் உண்டாம்ங்க. மண்டபத்துல கேம்ப் போடுதாங்க. டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா கிடைச்சிரும்."

"எனக்கு அவ்வளவு மோசமில்லட்டி" என்றேன். (குறையுள்ளவன் என்று எழுதிய அட்டையில் போட்டோ ஒட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?)

"அப்பம் வேலைய விட்டுட்டு வீட்டுல இருங்க" என்றாள். கிளம்பினேன்.

கல்யாண மண்டபத்தில் ஒரே கூட்டம். காது டாக்டர் ஒரு இளம்பெண். எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேர் என்ன, எந்தத் தெரு, எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை என்று அவர் கேட்கக் கேட்க, டக்டக்கென்று பதில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிச் சொன்னதில்லை. கோமதி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். இடம் போதவில்லை போல என்று காலை நகர்த்திக்கொண்டேன்.

டாக்டர் என்னையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எழுந்து, மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்த கிளார்க்கிடம் போய், என் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"இவருக்கு நல்லா கேக்குது. சும்மா நடிக்கிறார். அனுப்பிடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, இங்கிருந்தே சொன்னேன்: "நான் நடிக்கல மேடம்."

மண்டபமே அமைதியாகிவிட்டதாம். (எனக்கு எந்த மண்டபம்தான் அமைதியாக இல்லை?) கிளார்க் வாயைப் பிளந்தார். அவ்வளவு தூரத்தில் பேசியது, நல்ல காது உள்ளவர்களுக்கே கேட்டிருக்கவில்லை.

கோமதிதான் ஓடினாள். அவளும் அதே கூடத்தில் தறிக்கு நூல் தார் சுற்றியவள். "மேடம், இவுக தறிக்காரரு. அங்கன யாரு பேச்சும் யாருக்கும் கேக்காது. வாய் அசையதப் பாத்தே பேசிக்கிடுவோம். அதான்" என்றாள்.

உண்மைதான். கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு டீ சொல்வதும், முதலாளி வருவதைச் சொல்வதும் உதட்டசைவில்தான். அது பழகிப் பழகி, உதட்டைப் பார்ப்பதையே நான் கேட்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றுவரை எனக்கே தெரியாது.

டாக்டர் திரும்பி வந்து ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான். உலகம் அணைந்துபோனது. இரண்டு கண்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்ன கேட்டாரோ, நான் சிரித்துவைத்தேன். பிறகு என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் செய்தார்கள். சுண்ணாம்பில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ தோளைத் தொட்டதும் திரும்பினேன்.

கோமதி அழுதுகொண்டிருந்தாள்.

நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். "நீங்களே அவரைக் கூப்பிடுங்கம்மா" என்றிருக்கிறார் டாக்டர். "என்னங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் அசையவில்லை. "பேரைச் சொல்லிச் சத்தமா" என்றாராம். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரைச் சொல்லாதவள், அடிவயிற்றிலிருந்து "சங்கரநாராயணன்" என்று கத்தியிருக்கிறாள். கோயில் சாமி பெயராச்சே, இந்த ஊரில் அதற்குப் பஞ்சமா? மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்களாம். அதில் ஒருவர் என்னைப் போலவே காதுக்குச் சர்டிபிகேட் வாங்க வந்தவர். (பாவம், அவர் மனு என்ன ஆனதோ.)

மெஷின் வைத்தும் சோதித்து, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார் டாக்டர். வெளியே வந்ததும் கோமதி என் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அடுப்பங்கரையில நின்னு நான் பேசினது எதுவுமே உங்களுக்குக் கேக்கலையா?"

"இல்லையே."

"கொஞ்சம் மந்தம்னுதான் தெரியும். இம்புட்டு வருசமும் திமிருல பதில் சொல்லலன்னுல்லா நெனச்சேன்."

நானோ, வயதாக ஆக இவள் பேச்சு குறைந்துவிட்டது என்று உள்ளூர சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் முதுகைக் காட்டியிருந்தபோது அவள் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்? அதையெல்லாம் இனி யாரிடம் கேட்பது?

அலைந்து திரிந்து பாஸ் வந்துவிட்டது. கண்டக்டரிடம் நீட்ட இப்போது கூச்சமில்லை. கோமதி திட்டுவதானாலும் அடுப்பை அணைத்துவிட்டு முன்னால் வந்து நின்றுதான் திட்டுகிறாள். ஒன்றும் தப்புவதில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் இதைத்தான் சொல்வாள். "எங்கம்மா கூப்பிட்டு மூணு பேரு திரும்புனாவ, எங்கப்பாவைத் தவிர." எல்லோரும் சிரிப்பார்கள். நான் கோமதியிடம், "ஊருக்கே கேட்டிருக்கு. எனக்காக என் பேரை ஒருதடவை நேருக்கு நேரா சொல்லேன், பாத்துக்கிடுதேன்" என்பேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்வாள்.

என்ன சொன்னாள் என்று மகளிடம் கேட்டால், அவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் பதில் சொல்கிறாள்.