பத்துக் குதிரையும் படுத்துக்கொண்ட மதியம்

எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு மறுபடியும் நின்றுபோனது. சங்கரலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மட்டாஞ்சேரியில் ஏலக்காய் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் நின்று, சரக்கு தூக்கும் எஞ்சினை ஓட்டுவது அவர் வேலை. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய உத்தரத்தின் கப்பி வழியாகக் கயிறு முற்றத்துக்கு இறங்கும். கீழே லாரியில் ஐந்து ஏலக்காய் மூட்டைகளைக் கட்டாகக் கட்டி, கொக்கியில் மாட்டினால் இவர் மேலே இழுப்பார். மழைக்காக ஜன்னலில் தார்ப்பாய் தொங்கியதால் முற்றம் கண்ணில் படவில்லை.

"மாட்டியாச்சு!" என்று குரல் கொடுத்துவிட்டு, சுமைக்காரர் சாயா குடிக்கப் போய்விட்டார்.

நேற்று வரை பூப்போலத் தூக்கிய ஐந்து குதிரைசக்தி எஞ்சின். இன்று அசையவில்லை. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. ஏலக்காய் நனைந்தால் முதலாளி ராமபத்ரன் அவரைச் சொந்த ஊரான தென்காசிக்கே பஸ் ஏற்றிவிடுவார்.

பக்கத்துக் கிட்டங்கியில் சும்மா கிடந்த பத்து குதிரைசக்தி எஞ்சினை ஆள்பிடித்துத் தூக்கிவந்து பொருத்தினார். அது வீறிட்டது. பெல்ட் புகைந்தது. அப்புறம் கப்சிப்.

"பத்துக் குதிரையுமா படுத்துக்கிடுச்சு?" சங்கரலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டார். பாலக்காட்டுக்காரரான அவர் வந்து இரண்டு எஞ்சினையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, முறுக்கற பலத்தை சுத்தற வேகத்தால பெருக்கினாத்தான் குதிரைசக்தி. பழசு நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுத்து. இது மூவாயிரம். சக்தியும் ரெண்டு மடங்கு, வேகமும் ரெண்டு மடங்கு. அப்போ முறுக்கு?"

"நாலு மடங்கு!"

"மண்ணாங்கட்டி. பழசு எவ்வளவோ அவ்வளவேதான்."

"அட சண்டாளா! அப்ப நான் தூக்கிட்டு வந்தது வெறும் சத்தத்தையா?"

"வேகத்தைக் குடுத்துட்டு முறுக்கை வாங்கணும். கயித்து உருளையில பெல்ட் ஓடற சக்கரத்தைப் பெரிசா மாட்டலாம். மெல்லத்தான் வரும், ஆனா ஆனையையும் தூக்கும்."

மாட்டினார்கள். எஞ்சின் உறுமியது. உத்தரம் முனகியது. ஓடு இரண்டு சரிந்து, சங்கரலிங்கத்தின் காலடியில் விழுந்து சிதறியது.

"உத்தரம் முறிஞ்சிரும்வே! நிறுத்து!"

"கயிறு வருது அண்ணாச்சி, விடாதீங்கோ!"

உண்மைதான். அங்குலம் அங்குலமாகக் கயிறு உருளையில் ஏறியது. சங்கரலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கரி படிந்த சட்டையோடு ஸ்ரீநாத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு மூட்டைக்கு இம்புட்டு கனமா? ஏலக்காய்க்குள்ள ஈயத்தையா வச்சிருக்கான்?"

அப்போதுதான், முற்றத்தில் சுக்கு காயப்போடும் அம்மிணி சோறுண்டு திரும்பி வந்தாள். அவள் அலறியது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஐயோ சேட்டா, நிறுத்துங்கோ! கொக்கி மூட்டையில இல்லை, லாரியிலயாக்கும் மாட்டியிருக்கு! பின்சக்கரம் ஆகாசத்துல நிக்குது, டிரைவர் உள்ள உறங்கறார்!"