ஓ.டி. போட்டுச் சாப்பிட்ட எட்டுக் கல்யாணம்

ஓசிச் சாப்பாட்டுக்கு அலைகிறவனைக் கபடி கேப்டனாகப் போடக் கூடாது. இதை என்னைவிட, அன்றைக்கு வேலூர் கோர்ட்டில் இருந்த யாரைக் கேட்டாலும் நன்றாகச் சொல்வார்கள்.

எங்கள் கல்லூரி பல்கலைக்கழகமான வருடம் அது. ஆன கையோடு, அதுவரை ஆடிவந்த மாவட்டக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பிலிருந்து ஜூன் மாதம் விலகி, பெரிய அமைப்பு ஒன்றில் சேர்ந்துகொண்டது. கூட்டமைப்பின் செயலாளர் தனசேகர் சாருக்கு அது பொறுக்கவில்லை. விலகியதெல்லாம் காகிதத்தில்தான், அதற்குப் பிறகும் எங்களோடுதான் ஆடினார்கள், இந்த வருடம் வேறெங்கும் ஆடக் கூடாது என்று வழக்குப் போட்டுவிட்டார்.

விசாரணை வியாழக்கிழமை. புதுப் போட்டி சனிக்கிழமை. தடை விழுந்தால் எங்கள் ரைடர் கோபியின் கதை முடிந்தது. நெமிலியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். அவனுக்கு அது கடைசி வருடம். அந்தப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுவே போட முடியும்.

"ஜூனுக்கு அப்புறம் அவங்களோட ஆடலைன்னு நீ சொன்னா போதும்" என்று எங்கள் வக்கீல் மேடம் என்னை வரச் சொல்லியிருந்தார். மகன் கோர்ட்டில் பேசுவதைப் பார்க்க, ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரான அப்பா அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். (நான் பிறந்த அன்றைக்கே ஷிப்ட் முடித்துவிட்டுத்தான் வந்த மனுஷன்.) எதிர் வரிசையில் தனசேகர் சார். அந்த வருடம்தான் நான் கேப்டன் என்பதால் அவரோடு பழக்கமில்லை. ஆனாலும் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கையில் எங்கள் வகுப்பின் வருகைப் பதிவேடு. கோர்ட் கேட்டது என்று எங்கள் ஆபீசே புரட்டிக்கூடப் பார்க்காமல் கொடுத்துத் தொலைத்திருந்தது.

"ஜூலையிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இவங்க கேப்டனுக்கு எட்டு நாள் ஓ.டி. காரணம், கூட்டமைப்பு ஆட்டம். விலகின காலேஜுக்கு ஏதுங்க ஐயா ஆட்டம்?"

ஓ.டி. என்பது, கல்லூரிக்காக ஆடப் போனால் வகுப்புக்கு வராமலே வருகை கிடைக்கும் வரம். அந்த எட்டு நாளும் நான் ஆடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நானும் தோஸ்த் இம்ரானும் கல்யாண நாளாகப் பார்த்து, ஆம்பூரிலிருந்து திமிரி வரை முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு முந்துவோம். அதைக் காரணமாக எழுத முடியுமா? பழைய பழக்கத்தில் 'கூட்டமைப்பு ஆட்டம்' என்று எழுதினேன். பி.டி. சாரும் பழைய பழக்கத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கல்லூரி விலகியது கேப்டனுக்குத் தெரியாதா என்பீர்கள். தெரியும். எழுதும்போது புத்தி பந்தியில் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோபி என் பக்கம் திரும்பினான். "டேய், எங்கள விட்டுட்டு எங்கடா போய் ஆடின?" கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பயந்து போயிருந்தான்.

நீதிபதி என்னை எழுப்பினார். "இந்த எட்டு நாளும் எங்க இருந்தீங்க?"

வாயைத் திறக்காவிட்டால் கோபி போனான். திறந்தால் நான் போனேன். மூன்றாவது வரிசையில் அப்பா வேறு.

"கல்யாணத்துலங்க ஐயா."

"எட்டு நாளுமா?"

"எட்டுக் கல்யாணங்க ஐயா."

"யார் வீட்டுக் கல்யாணம்?"

"தெரியாதுங்க ஐயா."

கோர்ட்டே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல், "காலேஜைக் காப்பாத்தக் கதை கட்றாருங்க ஐயா" என்றார். நான் செல்போனை எடுத்து எங்கள் மேடத்திடம் நீட்டினேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் மேடையேறி போட்டோ எடுத்துக்கொள்வோம். (மேடை ஏறினவனைப் பந்தியில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது இம்ரானின் கண்டுபிடிப்பு.) மேடம் தேதியோடு ஒவ்வொன்றாக நீதிபதிக்குக் காட்டினார். எட்டு மேடை, எட்டிலும் ஓரத்தில் அதே நீலச் சட்டையில் நான். ஆறாவது படத்தில் மேடம் நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார், பிறகு எதிர் வரிசையைப் பார்த்தார்.

"பதிவேட்டுப்படி அன்னிக்குக் கூட்டமைப்பு ஆட்டம். ஆனா செயலாளரே பட்டு வேட்டியில, இந்தப் பையன் தோள்ல கை போட்டுட்டு நிக்கிறாரே. தனசேகர் சார், இது யார் வீட்டுக் கல்யாணம்?"

அவர் மெதுவாக எழுந்தார். "எம் பொண்ணு கல்யாணங்க." என்னைக் கை காட்டினார். "மாப்பிள்ளை வீட்டுப் பையன்னு நெனச்சேங்க ஐயா. நான்தான் இவனுக்கு ரெண்டாவது வாட்டி பாயசம் ஊத்தச் சொன்னேன்."

மகள் கல்யாணத்தன்று கபடி நடத்தினேன் என்று எந்த அப்பன் சொல்வான்? தடை கிடையாது என்று உத்தரவாயிற்று.

சனிக்கிழமை கோபி ஆடினான், சான்றிதழும் வாங்கினான். என் எட்டு ஓ.டி.யையும் ரத்து செய்துவிட்டதால் வருகை குறைந்து ஆட முடியாமல், கேப்டனான நான் மைதானக் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டினேன். அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கோர்ட்டிலிருந்து அப்பாவோடு பஸ்ஸில் திரும்பினேன். பள்ளிகொண்டா தாண்டியதும்தான் கேட்டார். "இன்னாடா, சாப்பாடாவது நல்லா இருந்திச்சா?" அன்றிலிருந்து வீட்டுக்கு எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், "ஓ.டி. வாங்கிட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன தையில் எனக்குக் கல்யாணம். தனசேகர் சாருக்கு நாங்கள் பத்திரிகை வைக்கவில்லை. வந்தார். மேடையேறினார். என் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோக்காரரிடம், "தேதி தெரியற மாதிரி எடுப்பா" என்றார். பிறகு நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டாவது வாட்டி பாயசம் ஊற்றச் சொன்னது அப்பாதான்.